மெய்க்காப்பும் ஊர்க்காப்பும்

மும்பையில் வாழும் தமிழர்க்கு மாதுங்காவை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. அகன்ற வீதிகள், வீதியோரத்து மரநிழல், ஐந்து தோட்டங்கள், கிங்ஸ் சர்க்கிள் என்ற வட்டப் பூங்கா ஆகிய இவையெல்லாம் நெரிசல் மிகுந்த அந்நகரின் பழைய பகுதிகளினின்றும் மாதுங்காவை வேறுபடுத்திக் காட்டுகின்றன. இந்த ஒழுங்கு தானாக அமைந்ததன்று. ஒரு கொள்ளைநோய்க்கு அஞ்சிய நகரம், அந்த அச்சத்தால் வரைந்த திட்டத்தின் பயன் அது. 1898ஆம் ஆண்டில் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு என்ற அமைப்பு தோன்றியது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளை இடிப்பதும், நகரின் வடபால் தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் புதுக் குடியிருப்புகளை ஏற்படுத்துவதும் அதன் பணிகளாயின. அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் வேலை பார்க்க வந்த தென்னாட்டார் பின்னர் அங்கே குடியேறினர். நாம் இன்று உலவும் வீதி ஒவ்வொன்றும் பிளேக் நோய்க்குக் கடன்பட்டது என்று கூறினாலும் மிகையாகாது.

அந்த நோய் எவ்வாறு வந்தது என்பதைச் சற்று நினைவுகூர்வோம். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில், டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்ற கோவா நாட்டு மருத்துவர் ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். கடுங்காய்ச்சலும் நெறிக்கட்டியும் கண்டு, இது பிளேக் நோயே என்று அவர் துணிந்து அறிவித்தார். தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி அது. எலிகளுக்கு அங்கே குறைவில்லை. சில மாதங்களுக்குள் நகரத்தார் கூட்டங்கூட்டமாக வெளியேறத் தொடங்கினர். அப்போது எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் ஊரை விட்டு ஓடிவிட்டனர் என்பர். அரசாங்கமோ வீடு வீடாகச் சோதனையிட்டது. நோயுற்றோரைப் பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. உறவினரை முகாம்களில் வைத்தது. சோதனையிட வந்தவர்களின் கடுமை நோயைக் காட்டிலும் மக்களை அச்சுறுத்தியது. மருத்துவம் மக்களை அணுகும்போது பட்டாளத்தின் துணையோடு போகக் கூடாது என்ற பாடம் அங்கே கசப்பாகக் கற்பிக்கப்பட்டது.

இந்தக் கலக்கத்தினிடையே 1896 அக்டோபரில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர் வால்டெமார் ஹாஃப்கின். கருங்கடற் கரையிலுள்ள ஒடெஸ்ஸாவில் 1860ஆம் ஆண்டில் பிறந்த யூதர். பாரிஸிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர். காலரா நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டு, 1892இல் அதைத் தம் உடம்பிலேயே செலுத்திப் பார்த்தவர். 1893இல் இந்தியாவுக்கு வந்து பல்லாயிரவர்க்கு அம்மருந்தைக் குத்தியவர். பைக்குலாவில் கிராண்டு மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு அறை அவருக்குக் கிடைத்தது. உதவியாளரும் மிகச் சிலரே. குடுவையில் இறைச்சிச் சாறு ஊற்றி, அதன் மேற்பரப்பில் சில துளி நெய்யை மிதக்கவிட்டு, அதில் பிளேக் கிருமியை வளர்த்தார். நெய்த்துளிகளின் அடிப்புறத்திலிருந்து கிருமித் திரள் விழுதுகள் போலத் தொங்கி வளர்ந்தன. நம் வீட்டுச் சமையலறையின் நெய் உலகின் முதற் பிளேக் தடுப்பு மருந்துக்குத் துணை நின்றது என்பது பலர் அறியாத செய்தி. கிருமிகளைச் சூட்டினால் கொன்று மருந்தாக்கி, 1897 ஜனவரி 10ஆம் நாள் முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். அம்மாத இறுதியில் பைக்குலா சிறைச்சாலையில், தாமாக முன்வந்த கைதிகளுக்கு அது குத்தப்பட்டது.

நமது பொருளுக்கு மிக வேண்டிய நிகழ்ச்சி, அதற்கு அடுத்த ஆண்டில் பரோடாவை அடுத்த உந்தேரா என்ற சிற்றூரில் நடந்தது. அங்கே ஹாஃப்கின் ஒவ்வொரு வீட்டிலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மட்டும் ஊசி குத்தினார். பின்னர் நோய் புகுந்த 28 குடும்பங்களைக் கணக்கிட்டபோது, குத்திக்கொண்ட 71 பேரில் இறந்தவர் 3 பேர். குத்திக்கொள்ளாத 64 பேரில் இறந்தவர் 26 பேர். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே கிணறு. ஊசி போட்டுக்கொண்ட அண்ணன் பிழைத்தான். போட்டுக்கொள்ளாத தம்பி மடிந்தான். மருந்து பயன் தருகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு செய்தியும் மறைந்து கிடக்கிறது. அண்ணனின் ஊசி தம்பியைக் காக்கவில்லை. அதன் காரணம் பின்னரே புலப்பட்டது. நெறிக்கட்டிப் பிளேக் பெரும்பாலும் எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனை அடைகிறது. 1898இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் இதைச் சோதனையால் கண்டார். சில ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் பரேல் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து உழைத்த பிளேக் ஆய்வுக் குழுவினர் அதை ஐயமற நிறுவினர். எலிக்கு ஊசி போடாமல் மனிதனுக்கு எத்தனை ஊசி போட்டாலும் எலியின் நோய் குறையாது. ஆகவே ஹாஃப்கினின் மருந்து மெய்க்காப்பு. குத்திக்கொண்டவனின் உடம்பை அது காத்தது. அடுத்தவனை அது காக்கவில்லை.

ஹாஃப்கினின் பிற்கால வாழ்க்கை துயரம் மிக்கது. 1902இல் பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமத்தில் ஊசி குத்திக்கொண்ட 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். பழி ஆய்வுக்கூடத்தின் மேல் விழுந்தது. ஒரு புட்டியைத் திறந்தபோது கிராமத்திலேயே நேர்ந்த அசுத்தந்தான் காரணம் என்பது அறிஞர் பலரின் முயற்சியால் 1907இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. பழி நீங்கிற்று, இழந்த பதவி மீளவில்லை. அவர் தோற்றுவித்த ஆய்வுக்கூடம் 1899 முதல் பரேலில் பழைய கவர்னர் மாளிகையில் இயங்கியது. 1925இல் அதற்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டினர்.

அந்தத் துயரத்துக்குக் காரணமான இசிவு நோயும் நம் ஆராய்ச்சிக்கு உதவும். அதன் கிருமி மண்ணில் வாழ்வது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. ஓர் ஊரில் தொண்ணூற்றொன்பது பேர் ஊசி போட்டுக்கொண்டாலும், போட்டுக்கொள்ளாத நூறாவது ஆள் காலில் ஆணி ஏறினால் அவருக்கு ஊரார் ஊசியால் அணுவளவும் பயனில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. கருவுற்ற தாய்க்குப் போடும் ஊசி, பிறக்கும் மகவையும் காக்கிறது. அவ்வழியாகவே தாய்மாரிடத்தும் பச்சிளங் குழந்தைகளிடத்தும் இந்நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலையை எட்டியது என்று 2015இல் உறுதி செய்யப்பட்டது.

அப்படியானால் அடுத்த வீட்டாரையும் காக்கும் ஊசி எது? அந்தக் கேள்வி எலிகளிடமிருந்தே எழுந்தது என்பது ஒரு வேடிக்கை. 1923ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில், டாப்லி, வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் சுண்டெலிகளிடையே ஒருவகைக் குடற்கிருமி பரவும் வகையை ஆராய்ந்தனர். கூட்டில் உள்ள எலிகளுள் எதிர்ப்புச் சக்தி பெற்றவை எத்தனை என்பதைப் பொறுத்து, அச்சக்தி பெறாத எலிகளின் கதியும் மாறுவதை அவர்கள் கவனித்தனர். ஒரு தனி உயிரின் எதிர்ப்புச் சக்தி வேறு, கூட்டத்தின் எதிர்ப்புச் சக்தி வேறு என்று அவர்கள் எழுதினர். அவர்கள் வைத்த பெயரை மொழிபெயர்த்தால் ‘மந்தைக் காப்பு’ என்று வரும். மனிதரை மந்தை என்பது நமக்கு உவப்பாக இல்லை. ஆதலின் ஊர்க்காப்பு என்று சொல்லுவோம்.

இதை விளக்க நம் நாட்டுக் குடிமராமத்தைக் காட்டிலும் நல்ல உவமை கிடையாது. மழைக்கு முன் ஏரிக்கரையைச் செப்பனிட வீட்டுக்கு ஓர் ஆள் வருவர். ஆளுக்குச் சில கூடை மண் போடுவர். கரை உயர்ந்தபின் வெள்ளத்தினின்றும் காக்கப்படுபவர் மண் சுமந்தவர் மட்டுமல்லர். வயது முதிர்ந்த கிழவியும், பிறந்து பத்து நாளான குழந்தையும், நோயுற்றுப் படுத்திருப்பவனும் காக்கப்படுகின்றனர். அவர்களால் மண் சுமக்க இயலாது. ஊசியிலும் அப்படிப்பட்டவர் உண்டு. ஆறு வாரம் நிறையாத குழந்தைக்குக் கக்குவான் இருமலுக்கான ஊசி போடுவதில்லை. சிலருக்கு நோயினாலோ அதற்கு உண்ணும் மருந்தினாலோ ஊசி நன்கு பலிப்பதில்லை. அவர்களுக்கு ஊரார் எழுப்பும் கரையே அடைக்கலம். ஏரிக்கரையைப் பற்றி இன்னொன்றும் உண்டு. கரையின் சராசரி உயரத்தை வெள்ளம் கணக்குப் பார்ப்பதில்லை; தாழ்ந்த ஓரிடம் போதும், அங்கே உடைத்துக்கொள்ளும்.

தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோயின் வரலாறு இதற்கு முதற் சான்று. அக்கிருமி தொண்டையில் அமர்ந்து சாம்பல் நிறத் தோல் போன்ற படலத்தை உண்டாக்கி மூச்சை அடைக்கும்; அது சுரக்கும் நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கும். பாஸ்டர் நிலையத்தைச் சார்ந்த ரமோன் 1923ஆம் ஆண்டில் அந்நஞ்சைத் தீங்கற்றதாக மாற்றி, உடம்பைப் பழக்கும் மருந்தாக்கினார். பிரிட்டனில் 1940ஆம் ஆண்டில் தேசம் முழுவதும் குழந்தைகளுக்கு அதைக் குத்தத் தொடங்கினர். அவ்வாண்டில் அங்கு நோயுற்றவர் 61,000 பேருக்கு மேல். இறந்தவர் 3,000 பேருக்கு மேல். 1957இல் நோயுற்றவர் 38 பேர். இறந்தவர் 6 பேர். அந்நாட்டில் எல்லாக் குழந்தைகளும் ஊசி போட்டுக்கொண்டுவிடவில்லை. பெரியவர்களுள் பெரும்பாலோர் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆயினும் நோய் மறையும் நிலையை அடைந்தது. நஞ்சுக்குப் பழகிய தொண்டைகள் பெருகப் பெருக, நஞ்சு சுரக்கும் கிருமிக்கு வாழ்வதில் தனி இலாபம் எதுவும் இல்லாமற் போயிற்று.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு, கடினமானதன்று. யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் டிப்தீரியா நோயாளி ஒருவர் சராசரியாக ஆறேழு பேருக்கு நோயைத் தருவார் என்று கொள்வோம். அவ்வேழு பேருள் ஆறு பேர் முன்பே காப்புப் பெற்றிருந்தால், அவர் ஒருவருக்கே தர முடியும். அதற்கு மேலும் காப்புப் பெருகினால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். ஆகவே நூற்றுக்கு எண்பத்தைந்து என்ற அளவு டிப்தீரியாவுக்கு ஏறக்குறையப் போதும். கக்குவான் இருமலோ இன்னும் வேகமுடையது. ஒருவர் பன்னிரண்டு முதல் பதினேழு பேருக்குத் தருவார் என்பது வழக்கமான மதிப்பீடு. அதற்கு நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டிய கரை வேண்டும். இக்கணக்கு மக்கள் சீராகக் கலந்து வாழ்வதாக எண்ணிப் போட்டது. பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் தாராவியில் ஒருவரின் இருமல் எத்தனை பேரைச் சென்றடையும் என்பதைப் புத்தகத்துச் சராசரி சொல்லாது.

தாராவியின் பெயரைச் சொன்னதும் அதன் பிறப்பையும் சொல்ல வேண்டும். மாதுங்காவுக்கு மேற்கே, இருப்புப்பாதைக்கு அப்பால், மாகிம் கழிமுகத்தின் சேற்று நிலத்தில் அது எழுந்தது. தோல் பதனிடும் தொழில் அங்கே வந்தபோது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அத்தொழிலை நாடி வந்து குடியேறினர். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் தங்கள் சூளைகளோடு அடுத்தாற்போல் அமர்ந்தனர். மாதுங்காவுக்குத் திட்டம் போட்டவர்கள் தாராவிக்கு எதுவும் போடவில்லை. ஒரே நகரம், ஒரே மொழி பேசும் மக்கள், நடுவே ஓர் இருப்புப்பாதை. அதன் ஒரு பக்கம் காற்றோட்டம்; மறுபக்கம் கழிநீரோட்டம். 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்த காலத்தை ஒட்டி, செம்பூரிலும் தமிழர் தொகை பெருகியது. இம்மூன்று இடங்களுக்குமிடையே நாள்தோறும் போக்குவரத்து உண்டு. தாராவியிலிருந்து வீட்டு வேலைக்கு வருபவரின் மூச்சும், மாதுங்கா வீட்டுக் குழந்தையின் மூச்சும் ஒரே சமையலறையில் கலக்கின்றன. நோயைப் பொறுத்தமட்டில் அபிவிருத்தி டிரஸ்டு வரைந்த எல்லைக்கோடு செல்லாது.

எல்லா ஊசியும் ஊர்க்காப்பே என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் பெருங் கருத்துப்போரை எழுப்பிய பி.சி.ஜி. ஊசி இதற்கு உதாரணம். க்ஷய நோய்க்கான அந்த ஊசியை 1948இல் இந்தியாவில் தொடங்கினர். சென்னைக் கிண்டியில் மருந்து தயாரிக்கும் கூடமும் அமைந்தது. 1951 முதல் அது பெரிய இயக்கமாயிற்று. இராஜாஜி 1955இல் அதை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். அவர் அச்சம் முழுவதும் நியாயமானது என்று நாம் கருதவில்லை. ஆயினும் சான்று எங்கே என்று கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு. அதற்கு விடை செங்கற்பட்டு மாவட்டத்திலேயே கிடைத்தது. 1968இல் தொடங்கிய சோதனையில் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குச் சீட்டுக் குலுக்கியது போன்ற முறையில் மெய்யான மருந்தோ வெறும் நீர்மமோ செலுத்தி, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்ற முடிவு வந்தது. இருமித் துப்பி நோயைப் பரப்புவது அந்த நுரையீரல் க்ஷயமே. குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் கொடிய க்ஷயத்தினின்றும் பி.சி.ஜி. அவர்களைக் காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் தெளிவாயிற்று. அதனால்தான் பிறந்தவுடன் இன்றும் அதைப் போடுகின்றனர். அது குழந்தைக்கு மெய்க்காப்பு. தாராவியில் க்ஷயத்தை ஒழிக்க வேண்டுமாயின் நோயாளியைக் கண்டறிந்து, மருந்தை இடைவிடாது கொடுத்து, காற்றுப் புகும் வீடு கட்டித்தர வேண்டும், பி.சி.ஜி.யை நம்பி அவற்றைத் தள்ளிப்போட இயலாது.

ஊர்க்காப்பை நேரே அளந்து பார்த்த பெருமையும் இந்தியாவுக்கே உரியது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவின் கிழக்குப் பகுதிச் சேரிகளில் 80 குடியிருப்புத் தொகுதிகளைத் தேர்ந்தனர். பாதித் தொகுதிகளில் இரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு டைபாய்டு ஊசியும், மற்றப் பாதியில் மஞ்சட்காமாலைக்கு எதிரான வேறோர் ஊசியும் போட்டனர். இருசாராரும் சேர்ந்து 37,000 பேருக்கு மேல். இரண்டாண்டு கவனித்தபின் கிடைத்த முடிவு 2009இல் வெளியாயிற்று. டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே நோய் நூற்றுக்கு 61 பங்கு குறைந்திருந்தது. வியப்பு அதுவன்று. அதே தொகுதியில் வாழ்ந்து, எந்த ஊசியும் போட்டுக்கொள்ளாதவர்களிடையேயும் நோய் நூற்றுக்கு 44 பங்கு குறைந்திருந்தது. உந்தேராவில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த தம்பிக்குக் கிடைக்காத காப்பு, கல்கத்தாச் சேரியில் அடுத்த வீட்டுக்காரனுக்குக் கிடைத்தது. டைபாய்டுக் கிருமிக்கு எலி இல்லை, மண் இல்லை. மனிதனை விட்டால் அதற்கு வேறு வீடே கிடையாது. மனிதர் காப்புப் பெற்றால் அது ஒதுங்க இடமின்றித் தவிக்கும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவான விடை கிடைக்கவில்லை. டாக்காவின் மீர்ப்பூர்ப் பகுதியில் 2018இல் புதுவகை டைபாய்டு ஊசியைக் குழந்தைகளுக்கு மட்டும் போட்டுப் பார்த்தனர். போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு நூற்றுக்கு 85 என்ற அளவில் நல்ல காப்புக் கிடைத்தது. போட்டுக்கொள்ளாதவர்க்குக் கிடைத்த பயனை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பெரியவர்களிடையே நோய் தொடர்ந்து சுழல்வதும், மாசுற்ற குடிநீரும், வெளியூரிலிருந்து வருவோரும் அந்தக் கரையில் ஓட்டை போட வல்லவை. ஆகவே ஊசியைக் காட்டிக் குடிநீர்க் குழாயை மறக்கும் நகராட்சியை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. அதே 2018ஆம் ஆண்டில் நம் மும்பைக்குக் கிழக்கே கடற்கழிக்கு அப்பாலுள்ள நவி மும்பையின் மாநகராட்சி, ஒன்பது மாதம் முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு ஹைதராபாதில் தயாரான அவ்வகை ஊசியை இலவசமாகப் போட்டது. பொதுச் சுகாதாரத் திட்டமாக ஒரு நகராட்சி அதனைக் கையாண்டதில் அது முன்னோடியாகும்.

புதுவகை ஊசி என்றோமே, அதன் சிறப்பைச் சொல்லாமல் விடலாகாது. சில கிருமிகள் தம்மைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான உறை ஒன்றைப் போர்த்துக்கொள்கின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பு அந்த உறையைப் பகையென்று கண்டுகொள்வதில்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால் உடம்பு விழித்துக்கொள்கிறது. அமெரிக்க நாட்டில் ராபின்ஸ், ஷ்னீர்சன், ஸ்மித், ஆண்டர்சன் என்ற நால்வர் ஹீமோஃபிலஸ் பி என்ற கிருமிக்கு எதிராக இவ்வழியைக் கைவரச் செய்தனர். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் சளிக்காய்ச்சலும் தருவது அக்கிருமி. ஊசி பரவிய நாடுகளில் ஓர் எதிர்பாராத காட்சி தென்பட்டது. ஊசி போடாத குழந்தைகளிடத்தும் நோய் குறைந்தது. ஊசி பெற்ற குழந்தையின் தொண்டையில் அக்கிருமி குடியிருப்பதே அரிதாகிவிட்டது என்பதே அதன் காரணம். நோயின்றிக் கிருமியைச் சுமக்கும் குழந்தைகளே அதனை ஊரெங்கும் கொண்டு சென்றவர்கள்.

நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் கைக்குழந்தைகளுக்கு அதன் ஊசி தொடங்கிற்று. சில ஆண்டுகளில், ஊசியே போட்டுக்கொள்ளாத அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட முதியோரிடத்தில், அந்த ஊசி தடுக்கும் வகைக் கிருமிகளால் வரும் கடுநோய் பெரிதும் குறைந்தது. பேரன் பாட்டியின் மடியில் அமர்ந்து தும்மும்போது இரு தலைமுறைக்குமிடையே என்ன கைமாறுகிறது என்பது அப்போது உலகுக்கு விளங்கிற்று. நம் நாட்டில் ஹீமோஃபிலஸ் பி மருந்து அடங்கிய ஐந்தடுப்பு ஊசியை 2011 டிசம்பரில் முதன்முதல் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும் ஆகும். நிமோகாக்கஸ் ஊசி 2017இல் இமாசலப் பிரதேசத்திலும், பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும் தொடங்கி, 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாயிற்று. பூனாவில் தயாராகும் ஊசி ஒன்று அதற்குள் வந்துவிட்டதால் விலையும் இறங்கிற்று.

கரை ஒருமுறை எழுந்தால் போதும் என்று இருந்துவிட்ட நாடுகளும் உண்டு. ஜப்பானில் கக்குவான் இருமல் ஏறக்குறைய மறைந்திருந்தது. 1974இல் நோயுற்றோர் சில நூறு பேரே, இறப்பு இல்லை. அக்காலத்தை ஒட்டி ஊசிக்குப் பின் இரு குழந்தைகள் இறந்தன என்ற செய்தி பரவ, 1975இல் ஊசியைச் சிலகாலம் நிறுத்தினர். மீண்டும் தொடங்கியபோதும் பெற்றோர் அஞ்சினர். பத்துக் குழந்தைகளில் எட்டுக் குழந்தைக்குப் போட்ட நிலை மாறி, ஒரு குழந்தைக்குப் போடுவதே அரிதாயிற்று. 1979இல் 13,000 பேர் நோயுற்றனர். 41 பேர் இறந்தனர். சோவியத் ஒன்றியம் சிதைந்த 1990களில் அந்நாடுகளில் டிப்தீரியா மீண்டெழுந்து ஒன்றரை லட்சம் பேரைத் தாக்கியது. இறந்தவர் சுமார் 5,000 பேர். அவர்களுள் பெரியவர் மிகப் பலர். சிறுவயதில் போட்ட ஊசியின் வலிமை அவர்களிடத்தில் தேய்ந்துவிட்டிருந்தது.

இந்தியாவில் 1978இல் விரிவான தடுப்புத் திட்டமும் 1985இல் அனைவர்க்கும் தடுப்பூசி என்ற திட்டமும் தொடங்கின. கைக்குழந்தைப் பருவத்து மூன்று ஊசிகளைப் பெரும்பாலான தாய்மார் இன்று தவறாது போட்டுவிடுகின்றனர். ஆயினும் 2018ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 8,788 பேருக்கு டிப்தீரியா வந்ததாகக் கணக்கு. ஐந்து வயதைக் கடந்த பிள்ளைகளையும் இளைஞர்களையும் அது இப்போது மிகுதியாகத் தாக்குகிறது. கரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது. ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடவேண்டிய ஊக்க ஊசிகளும், பத்து, பதினாறு வயதுகளில் போடவேண்டிய ஊசிகளும் விட்டுப்போகின்றன. கைக்குழந்தைக்காக மருத்துவமனைக்கு ஓடும் தாய், ஓடியாடித் திரியும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று இருந்துவிடுகிறாள். நடுத்தெருவில் நாற்பது பிள்ளைகளோடு விளையாடி, மாலையில் தொட்டிற் குழந்தையை முத்தமிடுபவன் அந்த ஐந்து வயதுப் பிள்ளைதான்.

தாராவித் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி இடையூறு உண்டு. கோடை விடுமுறையில் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் போவது வழக்கம். பள்ளியில் சேர்க்கும் ஐந்தாம் வயதில் பிள்ளையை ஊரில் விட்டுவைப்பதும் உண்டு. இங்கே அட்டையில் பதிந்த தவணை அங்கே தவறும். அங்கே போட்டது இங்கே தெரியாது. அட்டையைப் பெட்டியிலே வைத்துக் கொண்டுபோனால் எந்த மாநிலத்து அரசாங்கச் சுகாதார நிலையத்திலும் இவ்வூசியை இலவசமாகப் போடுவர். தவணை தப்பிய பிள்ளைக்கு முதல் ஊசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முத்தடுப்பு ஊசியை ஏழு வயது வரை கொடுக்கின்றனர். அவ்வயதைக் கடந்தவர்க்கு டிப்தீரியாவும் இசிவும் மட்டும் தடுக்கும் ஊசி தனியே உண்டு.